முகம் மாறும், ஆள் ஒன்று

என் மனைவி நாகேஸ்வரியின் அடையாள அட்டைப் படம் 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் எடுத்தது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஒட்டிய கன்னம், நீண்ட கழுத்து, யாரோ கணக்கில் விட்ட பிழையைக் கண்டுபிடித்துவிட்டவள் போன்ற நேர்ப் பார்வை. அவள் கணித ஆசிரியை. கண்டுபிடித்தும் இருப்பாள்.

அந்தப் படத்துக்கும் அவளுக்கும் இருபத்திரண்டு வருடமாக ஒரு தகராறும் இருக்கவில்லை. 1996இல், வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலுமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தபோதுதான் அது தொடங்கியது. அவளுடைய முகம் வீங்கியது. கண்மடல்கள் தடித்தன. குரல் கரகரத்து ஆண் குரலாயிற்று. கொழும்பு வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் ரியூசன் பிள்ளைகளுக்குச் சமன்பாடு ஒன்றை எழுதிக்கொண்டு போனவள், சமன் அடையாளத்தைப் போட்டதும் கதிரையில் இருந்து நித்திரையாகிவிட்டாள். நல்ல பிள்ளைகள். வலப்பக்கத்துக்காகக் கால் மணித்தியாலம் காத்திருந்தார்கள்.

வயது என்று நினைத்தோம். இடப்பெயர்வுக் களைப்பு என்றும் நினைத்தோம். இது வருத்தம், ஏதோ நோய் என்று முதலில் கண்டுபிடித்தது பொலிஸ்.

அந்தக் காலத்தில் விடியப்புறம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் ரவுண்டப் வரும். ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு மாடி மாடியாக ஏறுவார்கள். ஐசி என்கிற அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு இரண்டையும் காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் ஏற்றிக்கொண்டு போவார்கள். மத்தியானம் விடலாம், மறுநாள் விடலாம். ஆகையால் எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டானது. இரண்டாம் மாடிப் பாலேஸ்வரி உண்டாக்கியது. "வெறும் வயித்தோட பொலிசுக்குப் போகக்கூடாது" என்பது அவ சட்டம். நாலு மணிக்கே எல்லாக் குசினிகளிலும் அடுப்பு எரியும். பொலிஸ் கதவைத் தட்டும்போது நாங்கள் பால்தேத்தண்ணியும் குடித்துப் பிட்டும் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு நிற்போம். தமிழருடைய கதவு எதுவென்று கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. பிட்டு வாசத்தைப் பிடித்துக்கொண்டே ஏறுவார்கள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சார்ஜன் விமலசேன வந்தார். டோர்ச்சை ஐசியில் அடித்தார், நாகேஸ்வரியின் முகத்தில் அடித்தார், திரும்ப ஐசியில் அடித்தார்.

"மே ஓயா நெவெய்," என்றார். இது நீ இல்லை.

உடனே "நான்தான்" என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். ஆனால் அந்த நாட்களில் எந்தக் கேள்வியும் நாகேஸ்வரிக்குள் இறங்கி, அங்கே கொஞ்சம் இளைப்பாறி, ஆறுதலாகத்தான் மேலே வரும். எல்லோரும் காத்து நின்றோம். அவள் ஐசியை வாங்கிப் பார்த்தாள்.

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு," என்றாள். அதைச் சிங்களத்திலும் ஒருமுறை சொன்னாள்.

ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் போனேன். பொலிஸ் நிலையத்து வாங்கில் அவள் நித்திரையாகிவிட்டாள். நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன். சட்டைப்பையில் எப்போதும் கவராயம் ஒன்று இருக்கும், இரண்டு முனையும் ஊசியாக. அதை எடுத்து ஐசிப் படத்தில் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன், மூக்கின் நீளத்தை அளந்தேன், பிறகு தூங்குகிறவளின் முகத்திலும் அளந்து காட்டினேன். "சேர், ஊதுறது சதை. எலும்பு ஊதாது. விகிதம் ஒண்டுதான்," என்று சிங்களத்தில் விளக்கினேன்.

சார்ஜன் விமலசேன கடைசிவரை கேட்டார். பிறகு, "இது என்ன ஆயுதம்?" என்றார்.

கவராயத்துக்கு ஓர் இலக்கத் துண்டு கட்டி மேசை லாச்சிக்குள் போட்டார்கள். நாகேஸ்வரியை இரண்டு மணிக்கு விட்டார்கள். விடும்போது சார்ஜன் சொன்னார்: "மூன்று மாதம் தருகிறேன். ஒன்றில் முகத்தை ஐசிக்குக் கொண்டு வா. இல்லாவிட்டால் ஐசியை முகத்துக்குக் கொண்டு வா. அதற்குப் பிறகும் இப்படி என்றால் என் கையில் இல்லை. மேலே அனுப்ப வேண்டிவரும்."

மேலே போனவர்களில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த இருவர் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

நாங்கள் பயத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். அதுதான் பிழை.

ஐசிக்குக் காலி வீதி ஸ்ரூடியோ ஒன்றில் புதுப் படம் எடுத்தோம். வீங்கிய முகம், பாதிக் கண். படக்காரன் "கண்ணைத் திறங்கோ அம்மா" என்று நாலு தரம் சொன்னான். அவள் திறந்துதான் வைத்திருந்தாள். கிராமசேவகர் படிவத்தை வாங்கி ஒரு பற்றுச்சீட்டுத் தந்தார். சார்ஜனிடம் காட்டியபோது, புது அட்டை வரும்வரை அந்தச் சீட்டோடு காலம் தள்ளலாம் என்றார்.

முகத்துக்கு டொக்டர் லுத்பியாவிடம் போனோம். நாலு ஒழுங்கை தள்ளி, பின்னேரங்களில் நோயாளர் பார்ப்பவர். நாகேஸ்வரியின் கையைப் பிடித்துப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் ஆறுதலாக எழும்பி ஆறுதலாக இறங்கியது.

"தைரொயிட் வேல செய்யிறது கொறஞ்சிட்டு, டீச்சர். கழுத்துல ஈக்கிற சுரப்பி. ரத்தம் சோதிச்சிட்டு வாங்க."

சோதனையில் டீஎஸ்எச் தொண்ணூற்றிரண்டு என்று வந்தது. நாலு ஐந்துக்கு மேல் போகக்கூடாத எண். சுரப்பி சோம்பிக் கிடக்கும்போது மூளை அதை எழுப்பப் போடும் சத்தம்தான் இந்த எண் என்று டொக்டர் சொன்னார். "தைரொக்சின் எழுதுறன். வெள்ளக் குளிசை. காலைல வெறும் வயித்துல ஒண்டு. சீவியம் முழுக்க."

"வெறும் வயித்தில," என்று நாகேஸ்வரி திருப்பிச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. டொக்டருக்கும் இருக்கவில்லை.

செய்தி கட்டடத்தில் பரவியது. பாலேஸ்வரி அன்றைக்கே ஒரு பட்டியலோடு மேலே ஏறி வந்தா. முதலாவது கோவா, அதாவது முட்டைக்கோசு.

"நாகேசக்கா, கோவா தொடக்கூடாது. கோலிபிளவர் கூடாது. மரவள்ளிக்கிழங்கு விஷம்."

"மரவள்ளியுமோ?"

"ஓம். எங்கட மச்சாளின்ர கழுத்து மரவள்ளியாலதான் தேங்காய் அளவுக்கு வந்தது. அண்ணை, நீங்கள் சாட்சி, இனி இந்த வீட்டுக்குள்ள கோவா வரப்படாது."

"அப்ப என்னத்தைத் தின்னுறது?"

"சோயா மீட் தின்னுங்கோ. நல்ல சத்து. காலமையே பிட்டோட ஒரு பிரட்டல் வையுங்கோ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விடியப்புறம் நாலேகாலுக்குச் சோயா மீட் பிரட்டல் கொதித்தது. கதவில் ஒட்டிய பட்டியலில் வாரத்துக்கு இரண்டு மரக்கறி கூடியது. மாசி பிறக்க முன்னம் எங்களுக்குச் சாப்பிடக் கத்தரிக்காயும் பயமும் மட்டும் மிஞ்சின.

நான் ஞாயிறுதோறும் அவள் முகத்தை நூலால் அளந்தேன், கவராயம் பொலிசில் இருந்தபடியால். குறையவில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு டீஎஸ்எச் எழுபத்தெட்டு. டொக்டர் குளிசையைக் கூட்டினார். எழுபத்திரண்டு. திரும்பக் கூட்டினார். எழுபத்தைந்து.

"இவ்வளவு மருந்துக்கு ஒரு யானையே காலி வீதில ஓடும்," என்றார் டொக்டர். "ஒழுங்காக் குடிக்கிறீங்களா டீச்சர்?"

"ஒருநாளும் விடேல்லை. நாலு மணிக்கு."

"வெறும் வயித்துல?"

"ஓம் டொக்டர்."

பொய் சொல்லத் தெரியாத முகம். அந்த வீக்கத்திலும் தெரிந்தது. டொக்டர் ரத்தம் சோதிக்கும் லாப்பை மாற்றினார். மருந்துக் கடையை மாற்றச் சொன்னார். எண் அசையவில்லை.

தொண்ணூற்றேழு மாசி, நோன்பு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்குப் போனோம். டொக்டர் நோன்போடு களைத்துப்போய் இருந்தார். "இன்னும் ஒண்டே கால் மணித்தியாலம்," என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"நானும் இண்டைக்கு விரதம்தான், டொக்டர். வெள்ளிக்கிழமை," என்றாள் நாகேஸ்வரி. சொல்லிக்கொண்டே பையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்து மூடிக்குள் பால்தேத்தண்ணி ஊற்றி, "குறை நினைக்காதேங்கோ, தலை சுத்துது," என்று குடித்தாள்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நோன்பு எண்டு சொன்னீங்க."

"ஓம். விரதம்."

"தேத்தண்ணி குடிக்கிறீங்க."

"பால்தேத்தண்ணிதானே. அது சாப்பாடில்லை."

"விரதம் முறியாதா?"

"பாலுக்கு ஏன் முறியுது?" நாகேஸ்வரிக்கு அவரை நினைக்கப் பாவமாக இருந்தது. "சாமிக்கே பால்தானே வைக்கிறது."

டொக்டர் லுத்பியா கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார். "டீச்சர், காலைல அந்தக் குளிசைய என்னத்தோட விழுங்குறீங்க?"

"வெறும் வயித்தில, பால்தேத்தண்ணியோட."

"பொறகு?"

"பிறகு உடனே பிட்டும் சோயா மீட்டும். ரவுண்டப் வந்தால் என்ன செய்யிறது?"

டொக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "யா அல்லா, ஆறு மாசம்! நாங்க நோன்பு புடிச்சா எச்சில் விழுங்கவும் யோசிப்போம். வெறும் வயிறு எண்டா உலகம் முழுக்க அதுதான் எண்டு நான் நெனச்சிட்டன்." பிறகு சிரிப்பை நிறுத்தி ஒரு தாளில் எழுதித் தந்தார். பாலில் இருக்கும் கல்சியம் இந்தக் குளிசையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்ச விடாது. சோயாவும் அப்படித்தான், அதை இரவுக்குத் தள்ளி வையுங்கள். கோப்பியும் வேண்டாம். இரும்புக் குளிசை, கல்சியம் குளிசை எடுத்தால் நாலு மணித்தியாலம் தள்ளி. இது மட்டும் பச்சைத் தண்ணியோடு, அதன்பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை.

"கோவா?" என்று நான் கேட்டேன்.

"சமைச்சு அளவாச் சாப்புடுங்க. பச்சையா மூட்ட மூட்டையாத் திண்டாத்தான் யோசிக்கணும். யாரு ஓங்களுக்குக் கோவாவ நிப்பாட்டின?"

பாலேஸ்வரியின் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கோவா ஒன்று வாங்கினோம்.

அதன்பிறகு நாகேஸ்வரி மூன்று மணிக்கு எழும்பிக் குளிசையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, மணிக்கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். நாலு மணிக்குத் தேத்தண்ணி. உடம்பு மருந்தை ஒரேயடியாகக் கண்டுகொண்டதில் நெஞ்சு படபடத்தது. டொக்டர் குளிசையைப் பாதியாக்கினார். பங்குனியில் கம்பளிச் சட்டை கழன்றது. சித்திரையில் குரல் திரும்பி வந்து முதல் வேலையாக என்னைப் பேசியது, நூலை அலுமாரியில் வைக்கவில்லை என்று. டீஎஸ்எச் ஆறு. கன்னம் உள்ளே போயிற்று. ஒருநாள் காலை அவள் யன்னல் பக்கம் திரும்பியபோது 1974ஆம் ஆண்டுப் படம் திரும்பியது. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

அதே கிழமை கிராமசேவகர் புது ஐசியைக் கொடுத்தனுப்பினார். பழையதை வாங்கிக்கொண்டார்கள்.

புது அட்டையில் வீங்கிய அம்மாள் ஒருவர் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதை மேசையில் வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தோம்.

"ஆரப்பா இது?" என்றாள் நாகேஸ்வரி.

பாலேஸ்வரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தா. "திரும்ப மாத்த ஆறேழு மாசம். அதுக்கிடையில அவன் வந்தால்? அக்கா, ஒண்டு செய்யலாம். கோவா, மரவள்ளி, எல்லாத்தையும் திரும்பத் தின்னுங்கோ."

அவ இறங்கிப் போனபிறகு நான் என் யோசனையைச் சொன்னேன். இன்றைக்கும் அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஒழுங்கையின் அந்த இருவரும் அப்போதும் மேலேயிருந்து திரும்பியிருக்கவில்லை.

"இஞ்சேரும், ஒரு ஆறு கிழமை குளிசையைப் பால்தேத்தண்ணியோட எடுத்துப் பாரும். நிப்பாட்டச் சொல்லேல்லை. கொஞ்சம் ஊதினால் காணும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிழை கண்ட பார்வை.

"ஊதி?"

"ஊதினால் ஐசியோட சரிவரும்."

"இஞ்சேருங்கோ, அந்த ஒரு வருசம் நான் எங்க இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? கிணத்துக்குள்ள. மேல நிண்டு நீங்கள் கூப்பிடுறது கேக்கும், ஏறி வர ஏலாது. இப்பதான் வந்தனான். இந்த மட்டைக்காகத் திரும்ப இறங்கச் சொல்லுறியளோ?"

"மேல அனுப்பினால்?"

"முழிச்சுக்கொண்டு போறன். நித்திரையில கொண்டுபோனால் என்ர பேரைச் சொல்லவும் எனக்குத் தெரியாது."

ஆனாலும் மறுநாள் விடியப்புறம் அவளுக்கு முதல் எழும்பி, குளிசைக்குப் பக்கத்தில் தண்ணீரை எடுத்துவிட்டுப் பால்தேத்தண்ணியை வைத்தேன். அவள் வந்து பார்த்தாள். கோப்பையை எடுத்து என் கையில் தந்தாள். "நீங்கள் குடியுங்கோ. ஊத வேண்டியது நீங்கள்தான்," என்றாள்.

வைகாசி இரண்டாம் கிழமை ரவுண்டப் வந்தது. அதே சார்ஜன், அதே டோர்ச். ஐசியில் அடித்தார், முகத்தில் அடித்தார். கை நடுவழியில் நின்றது.

"மே ஓயா நெவெய்," என்றார், கிட்டத்தட்ட கெஞ்சுகிற குரலில்.

"நான்தான்," என்றாள் நாகேஸ்வரி, அவர் வாய் மூட முன்னம். "போன வருசம் நான் நானில்லை. அப்ப நீங்கள் சொன்னது சரி. இப்ப பிழை."

ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் சோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் குளிசைப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். மேலே அனுப்பும் வாகனம் முற்றத்தில் இயந்திரம் ஓடியபடி நின்றது. சார்ஜன் அறிக்கைகளை விரித்துப் பார்த்தார். வெள்ளைக் குளிசைப் போத்தலை எடுத்துப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"இதை என் மனைவியும் குடிக்கிறாள்," என்றார் சிங்களத்தில். "ஒரு வருடம். குறையவில்லை. எந்நேரமும் நித்திரை." பொக்கற்றுக்குள் இருந்து தங்கள் கலியாணப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். லாச்சியைத் திறந்து என் கவராயத்தைத் துண்டோடு எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்த விகிதம். எப்படி அளப்பது?"

நான் கவராயத்தைத் தொட முன்னம் நாகேஸ்வரி கேட்டாள். "காலையில் எதோடு குடிக்கிறா?"

"கொலகெந்தயோடு. நல்லதுதானே? இலைக் கஞ்சி, தேங்காய்ப்பால். பிறகு பால்தேத்தண்ணி."

நாகேஸ்வரி எழும்பினாள். வகுப்பில் நிற்பதுபோல மேசைக்கு முன்னால் நின்று, குளிசை, பச்சைத் தண்ணீர், ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு கஞ்சி, சோயா இரவுக்கு என்று சிங்களத்தில் சொன்னாள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சார்ஜன் விமலசேன திருப்பிச் சொன்னார். ஒரு மணித்தியாலத்தை அரை மணித்தியாலம் என்றார். திருத்தினாள். முற்றத்தில் வாகனம் ஹோர்ன் அடித்தது. அவர் எட்டிப் பார்த்து, "ஆள் இல்லை, போ," என்று கத்தினார்.

பிறகு எங்கள் பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்து, குறிப்பு என்ற கட்டத்தில் சிங்களத்தில் ஒரு வரி எழுதி முத்திரை குத்தினார். முகம் மாறும், ஆள் ஒன்று.

அந்த வரியோடு நாங்கள் ஒன்பது வருடம் வெள்ளவத்தையில் இருந்தோம். ஐசியை மாற்றவில்லை. மாற்றினால் அதற்கிடையில் முகம் என்ன செய்யுமோ என்று பயம். காவலரண்களில் ஆமிக்காரர் அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், துண்டை வாசிப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவன் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினான். விட்டார்கள். சார்ஜன் மாற்றலாகிப் போகும்போது சோதனை அறிக்கை ஒன்றின் பிரதியை அனுப்பியிருந்தார். அவர் மனைவியுடையது. டீஎஸ்எச் நாலு.

இரண்டாயிரத்து ஆறு கார்த்திகையில் நாகேஸ்வரி மாரடைப்பில் போனாள். காலை மூன்றரை மணிக்கு, குளிசை போட்டபிறகு, தேத்தண்ணிக்கு முன்னம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒன்றும் இருக்கவில்லை.

பிரேத அறையில் ஒரு கிளார்க் இருந்தார். ஐசியைக் கேட்டார். எனக்குத் தெரியும் அடுத்தது என்னவென்று. பைக்குள் எல்லாம் கொண்டுபோயிருந்தேன்: பத்து வருட அறிக்கைகள், துண்டு, முத்திரை, கவராயம். அவர் ஐசியின் இலக்கத்தைப் பார்த்து எழுதினார். படத்தைப் பார்க்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. "சரி மாத்தயா, கையெழுத்துப் போடுங்கள்," என்றார்.

"பாருங்கோ," என்றேன்.

"சரி மாத்தயா."

"இல்லை. படத்தைப் பாருங்கோ. முகத்தைப் பாருங்கோ. அவதானோ எண்டு பாருங்கோ." சிங்களத்தில் தொடங்கியது எங்கேயோ தமிழாகிவிட்டது. திரும்பச் சிங்களத்தில் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன், வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

கிளார்க் எழும்பினார். துணியைக் கழுத்துவரை இறக்கினார். ஐசியை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். வீங்கிய அம்மாளையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரப்படவில்லை. அவர் நல்ல மனிதர்.

"எயாம தமய், மாத்தயா," என்றார். அவரேதான், ஐயா.

அதை எழுதித் தர ஏலுமா என்று கேட்டேன். ஒரு தாளைக் கிழித்து எழுதித் தந்தார்.